கேள்வி கேட்பது அவிசுவாசம் அல்ல

வேலை முடிந்து வந்து… (மாதப் பத்தி)



கடந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, மண்டபத்தில் தேநீரும் ரோல்சுமாக எல்லோரும் கதைத்துக்கொண்டு நின்ற நேரம், ஒரு தம்பி என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். இந்த நாட்டுக்கு வந்து இன்னும் 1 வருடம் நிறையவில்லை. மனைவியும் 2 பிள்ளைகளும் இருக்கிறார்கள். வேலை அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு பண்டகசாலையில் இரவு வேலையும் சரிவந்திருக்கிறது. ஆனால் போய்வர வாகனம் இல்லை.

சுகர் லேண்டில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீதிக்கு வந்து கை காட்டினால் நிற்கிற பஸ் இங்கே இல்லை. கார் இல்லாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குக் கார் இல்லை. வந்த புதிதில் நாங்கள் எல்லோரும் அந்த வட்டத்துக்குள் சுற்றியவர்கள்தான்.

தம்பியின் கையில் கார் விற்கிற இடத்துக் கடதாசி ஒன்று இருந்தது.

"அண்ணை, எனக்கு இங்கை கிரெடிட் ஒண்டும் இல்லையாம். ஆராவது ஒராள் சேர்ந்து கையெழுத்து வைச்சால் கடன் தருவினமாம். நீங்கள் வைப்பியளோ?"

"புதன்கிழமை சொல்லுறன் தம்பி" என்றேன்.

அவருடைய முகம் வாடிவிட்டது. "சரி அண்ணை, ஜெபம் பண்ணிப் பாத்துச் சொல்லுங்கோ" என்று போய்விட்டார். நான் மறுப்பதற்கு வழி தேடுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். உண்மை அதுவல்ல. அந்த 3 நாட்களை நான் ஏன் கேட்டேன் என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு கதைக்கப்போகிறேன். என் சொந்தக் கதை என்பதால் கொஞ்சம் வெட்கமும் உண்டு.

நான் கையெழுத்து வைத்த கதை

2018 மார்ச் மாதம். அதற்கு முந்திய ஓகஸ்டில் ஹார்வி புயல் வந்து, பிராசஸ் ஆறு பெருகி, ஃபோர்ட் பெண்ட் மாவட்டத்தின் பல பகுதிகள் தண்ணீரில் நின்றது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு முதலில் சோற்றுப் பார்சலோடு வந்தவர் எங்கள் ஜெபக் கூட்டத்துச் சகோதரம் ஒருவர். நல்ல மனிசன். பாடுவார், அழுது ஜெபிப்பார், பிள்ளைகளுக்கு விருப்பமானவர்.

அவர் பொதி விநியோகம் செய்யும் ஒப்பந்தம் ஒன்று எடுத்து, அதற்கு வான் வாங்க நினைத்தார். சேர்ந்து கையெழுத்து வைக்க என்னைக் கேட்டார். கார்க் கடையின் முற்றத்தில் வானின் முன்பக்கத்தில் கை வைத்து 2 பேரும் ஜெபித்தோம். ஆமென் சொன்ன கையோடு கடதாசியை வாங்கிக் கையெழுத்து வைத்தேன். ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

அன்று காலை வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது என் மனைவி மறித்தாள்.

"இஞ்சருங்கோ, எத்தனை மாசம் கட்ட வேணும்? அவருக்கு வேலை போனால் ஆர் கட்டுறது?"

நான் அவளுக்குச் சொன்ன பதிலை எழுத இன்றைக்கும் கை கூசுகிறது. "நீ ஒரு அவிசுவாசி. வெள்ளத்துக்குள்ளை சோறு கொண்டுவந்த மனிசனிட்டைக் கணக்குக் கேக்கச் சொல்லுறியோ?" என்றேன். அவள் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை.

ஆறு மாதத்தில் அவருடைய ஒப்பந்தம் போய்விட்டது. முதலில் 1 தவணை பிந்தியது, பிறகு 2. எனக்கு அவர் சொல்லவில்லை. வெட்கம். கடைசியில் ஒருவருக்கும் சொல்லாமல் குடும்பத்தோடு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். கடன் கொடுத்தவர்கள் வானை எடுத்து ஏலத்தில் விற்றார்கள். விற்ற காசு கடனுக்குக் காணவில்லை. மிச்சம் 8,700 டொலர் என் தலையில் வந்து விழுந்தது.

சாதாரண தரத்தோடு படிப்பை விட்டவன் நான். வன்னியில் இடம்பெயர்ந்து, செட்டிகுளம் முகாமில் இருந்து, பிறகு எத்தனையோ நாடு கடந்து இங்கே வந்து சேர்ந்தவன். அப்போது எனக்கு மணித்தியாலத்துக்கு 15 டொலர் சம்பளம். அந்தக் கடனைக் கட்டி முடிக்க 26 மாதம் எடுத்தது. சனிக்கிழமைகள் எல்லாம் ஓவர் டைம். ஊரில் அம்மாவுக்கு அனுப்புகிற காசு பாதியானது. அம்மா கண் சத்திரசிகிச்சையை ஒரு வருடம் தள்ளிப்போட்டா. "எனக்கு இப்ப வடிவாத் தெரியுது தம்பி" என்று ரெலிபோனில் பொய் சொன்னா. என் விசுவாசத்துக்கு விலை கொடுத்தது நான் மட்டும் அல்ல.

சேர்ந்து கையெழுத்து வைப்பது என்றால் என்ன?

புதிதாக வந்தவர்களுக்காக இதைத் தெளிவாக எழுதுகிறேன். ஊரில் ஒருவருடைய நடத்தைக்கு இன்னொருவர் "எனக்குத் தெரிந்தவர்தான்" என்று உறுதி சொல்வது போன்றதல்ல இது. இங்கே சேர்ந்து கையெழுத்து வைத்தால் அந்தக் கடன் உங்களுடைய கடன். டெக்சாஸ் உட்படப் பெரும்பாலான மாநிலங்களில், கடன் வாங்கியவரிடம் முதலில் கேட்காமலே நேராக உங்களிடம் வந்து கேட்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அவர் தவணை பிந்தினால் உங்கள் கிரெடிட்டும் கெடும். இதையெல்லாம் எழுதி ஒரு அறிவித்தலாகக் கையெழுத்துக்கு முன் உங்களுக்குத் தர வேண்டும் என்று 1985 முதல் மத்திய அரசின் விதி இருக்கிறது. எனக்கும் அந்தக் கடதாசி தந்தார்கள். நான்தான் அதற்கு மேலே ஜெபித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன்.

வேதாகமம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். நீதிமொழிகள் 6 ஆம், 22 ஆம் அதிகாரங்களை எடுத்துப் பாருங்கள். மற்றவனுக்குப் பிணை நிற்பதைப் பற்றி, இன்றைய வங்கிக் கடதாசியை வாசித்துவிட்டு எழுதியதுபோல இருக்கும். பிணைப்பட்டுவிட்டால் நித்திரைக்கும் போகாமல் அதிலிருந்து விடுபடப் பார் என்பதே அதன் கருத்து.

அதே மாதம், அடுத்த ஊரில்

நான் கையெழுத்து வைத்த அதே 2018 மார்ச் மாத முடிவில் ஹூஸ்டன் நகரத்தையே உலுக்கிய ஒரு செய்தி வந்தது. எங்களுக்குப் பக்கத்தில், தென்மேற்கு ஹூஸ்டனில் இருக்கிற விண்ட்சர் வில்லேஜ் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் மூத்த போதகர் கேர்பிஜோன் கால்ட்வெல் மீது மோசடிக் குற்றச்சாட்டு.

இவர் சாதாரண ஆள் அல்ல. 1982 இல் ஏறக்குறைய 25 பேரோடு இருந்த சபையை 14,000 பேருக்கு மேல் வளர்த்தவர். மூடிக் கிடந்த ஒரு கேமார்ட் கடையைச் சமூக நிலையமாக மாற்றி ஏழைப் பகுதிக்கு வங்கி, பாடசாலை, மருத்துவ வசதி கொண்டுவந்தவர். ஜனாதிபதி ஜோர்ஜ் டபிள்யூ புஷ் 2001 இலும் 2005 இலும் பதவியேற்றபோது மேடையில் ஜெபித்தவர்.

அவரும் லூயிசியானாவின் ஷ்ரீவ்போர்ட் நகர முதலீட்டு ஆலோசகர் ஒருவரும் சேர்ந்து 2013, 2014 ஆம் ஆண்டுகளில் 29 பேரிடம் சுமார் 3.5 மில்லியன் டொலர் வாங்கியிருந்தார்கள். கொடுத்தவர்களில் பலர் வயதானவர்கள், ஓய்வுகாலச் சேமிப்பை எடுத்துக் கொடுத்தவர்கள். விற்ற பொருள் என்ன தெரியுமா? 1949 இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடிக்க முன் இருந்த சீன அரசு வெளியிட்ட பழைய கடன் பத்திரங்கள். போட்ட காசு 3 மடங்கு முதல் 15 மடங்கு வரை திரும்பி வரும் என்று சொல்லப்பட்டது. உண்மையில் அவை சேகரித்து வைப்பவர்கள் ஞாபகப் பொருளாக வாங்குகிற கடதாசிகள்தான். இன்றைய சீன அரசு அந்தக் கடனை ஏற்றுக்கொள்வதில்லை. 2020 இல் கால்ட்வெல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2021 ஜனவரியில் 6 வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதை நான் போதகர்களைக் குறை சொல்ல எழுதவில்லை. அவர் செய்த நன்மைகளும் உண்மை, பிழையும் உண்மை. என் மனதைத் தைத்தது வேறு ஒன்று. அந்த முதலீடு என்னவென்று சிலருக்கு விளங்கவே இல்லை, ஆனாலும் போதகரை நம்பிக் கொடுத்தார்கள் என்று வழக்கில் சொல்லப்பட்டது. பொருள் விளங்கவில்லை, ஆளைத் தெரியும், அது போதும். வானின் முன்னால் நின்று நான் செய்ததும் இதைத்தானே!

ஊரில் இது நடக்கவில்லையா? 2008 ஆம் ஆண்டு முடிவில் கொழும்பில் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது, பெரிய பெயரை நம்பி அதிக வட்டிக்குக் காசு போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நம்பிக்கை நல்லதுதான். ஆனால் ஆளின் மேல் இருக்கிற நம்பிக்கை பொருளின் கணக்கைச் சரியாக்கிவிடாது. கணக்கைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

வினா உள்ளவர்கள்

கடன் கட்டிக்கொண்டிருந்த அந்த 26 மாதத்தில் எனக்குக் கடவுள் மேலும் கோபம் இருந்தது. ஜெபித்துத்தானே செய்தேன், ஏன் இப்படி நடந்தது என்று கேட்டேன். ஒரு நாள் இரவு வேலை இடைவேளையில், அம்மா தந்துவிட்ட பழைய தமிழ் வேதாகமத்தில் மத்தேயு 10 ஆம் அதிகாரம் வாசித்தேன். இயேசு சீடர்களை ஊர்களுக்கு அனுப்புகிற இடம். ஓநாய்களுக்குள்ளே ஆடுகளைப்போல அனுப்புகிறேன் என்று சொல்லி, பாம்பைப்போலவும் புறாவைப்போலவும் இருக்கச் சொல்கிறார். புறாவைப்போலக் கபடம் இல்லாமல் இருப்பது எனக்குத் தெரிந்த பாடம். பாம்பைப் பற்றிச் சொல்லும்போது நம் பழைய வேதாகமம் "வினா" உள்ளவர்கள் என்ற சொல்லைப் போட்டிருக்கிறது.

எத்தனை முறை வாசித்த வசனம்! அன்றைக்குத்தான் அந்தச் சொல் கண்ணில் பட்டது. பழைய தமிழில் வினா என்றால் விவேகம் என்றும் பொருள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த வினா, கேள்வி. வினாத்தாள் என்கிறோமே, அந்த வினா. விவேகத்துக்கும் கேள்விக்கும் தமிழில் ஒரே சொல் இருந்திருக்கிறது. என் மனைவி அன்று காலை கேட்டது 2 வினா. அந்த வீட்டில் அன்று வேதாகமத்தின்படி நடந்தது அவள் ஒருத்திதான்.

பிறகு தேடிப் பார்க்கப் பார்க்க இது எங்கும் இருந்தது. அப்போஸ்தலர் 17 ஆம் அதிகாரத்தில் பெரோயா ஊரார் பவுல் சொன்னதையே சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை. சொன்னது சரியா என்று நாள்தோறும் வேதத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதற்காக அவர்களை ஏசவில்லை, நற்குணம் உள்ளவர்கள் என்று புகழ்ந்துதான் எழுதியிருக்கிறது. பவுலையே சரிபார்க்கலாம் என்றால் மற்றவர்கள் எம்மாத்திரம்?

யோசுவா 9 ஆம் அதிகாரத்தில் இதற்கு மறுபக்கம். பக்கத்து ஊர்க் கிபியோனியர் பூசணம் பிடித்த அப்பத்தையும், கிழிந்த சாக்குகளையும், தேய்ந்த செருப்புகளையும் காட்டி, வெகு தூரத்திலிருந்து வந்தோம் என்கிறார்கள். தலைவர்கள் கர்த்தரிடமும் கேட்கவில்லை, பக்கத்தில் ஆளனுப்பி விசாரிக்கவும் இல்லை. ஆணையிட்டு உடன்படிக்கை செய்துவிட்டார்கள். 3 நாள் கழித்துத்தான் அயலவர் என்று தெரிந்தது. தம்பியிடம் நான் 3 நாள் கேட்டதற்கு இந்த அதிகாரமும் ஒரு காரணம்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தலையான 4 நற்பண்புகளில் விவேகத்தை முதலில் வைத்து, மற்றவற்றுக்கு அது தேரோட்டி என்று உங்கள் மறைக்கல்வி சொல்கிறது. தேர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுகிறவன் நித்திரை என்றால் எங்கே போய் நிற்கும்?

வேலைத்தலத்தில் நான் செய்வது

நான் வேலை செய்வது எண்ணெய்க் குழாய்களுக்கு வால்வு செய்கிற இடத்தில். வெளியிலிருந்து வரும் உதிரிப் பாகங்களை அளந்து பார்ப்பது என் வேலை. பெட்டி எந்தக் கம்பனியிலிருந்து வந்தாலும் சரி, 20 வருடமாக ஒரு பிழையும் விடாதவர்கள் அனுப்பியது என்றாலும் சரி, கேஜ் போட்டுப் பார்த்த பிறகுதான் லயனுக்குப் போகும். சரியில்லை என்றால் சிவப்பு அட்டை கட்டித் தனியாக வைப்போம்.

இதுவரை ஒரு கம்பனியும் "எங்களை நம்பவில்லையா?" என்று கோபித்ததில்லை. ஏனென்றால் வால்வு உடைந்தால் பக்கத்தில் நிற்பவன் உயிர் போகும் என்பது அவர்களுக்கும் தெரியும். அளந்து பார்ப்பது அவமதிப்பு அல்ல. யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்பதற்காகச் செய்வது.

நாள் முழுக்க இரும்பை அளந்து பார்க்கிற நான், என் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை மட்டும் ஒரு அளவும் பார்க்காமல் கொடுத்தேன்.

நொத்தாரிசும் புகலிட வழக்கும்

காசு போனால் உழைக்கலாம். வழக்குப் பிழைத்தால் என்ன செய்வது? ஆகவே இதையும் கவனியுங்கள்.

ஊரில் நொத்தாரிசு என்றால் சட்டம் படித்து, காணி உறுதி எழுதுகிற பெரிய ஆள். இங்கே கடை வாசலில் "நோட்டரி பப்ளிக்" என்ற பலகையைப் பார்த்ததும் நம்மவர்கள் சட்டத்தரணி என்று நினைத்துவிடுகிறார்கள். டெக்சாசில் நோட்டரி சட்டத்தரணியாக இருக்க வேண்டியதில்லை. கையெழுத்து வைப்பவர் அவர்தானா என்று அடையாள அட்டை பார்த்து முத்திரை குத்துவதுதான் அவர் வேலை. உங்கள் வழக்குக்கு ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை இல்லை. எங்களைப்போல ஏமாந்த ஸ்பானிய மொழிக்காரருக்காக, "நோட்டாரியோ" என்று பலகை போடுவதையே இந்த மாநிலச் சட்டம் தடுத்திருக்கிறது.

புகலிட விண்ணப்பத்தைப் பொதுவாக இந்த நாட்டுக்கு வந்து 1 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விதிவிலக்குகள் சில உண்டு, ஆனால் அவற்றை நிரூபிப்பது கஷ்டம். "அவசரப்படாதேங்கோ, கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார்" என்று நல்ல மனதோடு ஒருவர் சொன்னதைக் கேட்டு அந்த ஒரு வருடத்தை விட்டுவிட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். சொன்னவருக்கு இப்போதும் நித்திரை வருகிறது. அந்தக் குடும்பத்துக்கு வருவதில்லை. சட்டத்தரணியின் பெயர் டெக்சாஸ் வழக்கறிஞர் சங்கப் பதிவில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்க்க 5 நிமிடம் போதும். வேறு மாநிலத்தில் பதிந்தவராக இருந்தால் அந்த மாநிலப் பதிவில் பாருங்கள். சட்டத்தரணி அல்லாதவர் என்றால் நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதியா என்று கேளுங்கள். முதலீடு என்று யாராவது வந்தால் டெக்சாஸ் பங்குப் பத்திரச் சபையில் விசாரிக்கலாம். கேட்கக் காசு இல்லை.

வாயைக் காப்பதும் விவேகம்

கேட்க வேண்டியதைக் கேட்பது ஒரு பாதி. சொல்லக்கூடாததைச் சொல்லாமல் இருப்பது மற்றப் பாதி.

எங்கள் ஜெபக் கூட்டங்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. "இன்னார் குடும்பத்துக்காக ஜெபியுங்கோ" என்று தொடங்கி, அவர்களுடைய வழக்கு என்ன, புருஷன் ஊரில் யாரோடு நின்றவர், எந்த முகாமில் இருந்தவர், இங்கே என்ன எழுதிக் கொடுத்தார் என்று எல்லாம் வெளியே வந்துவிடும். அடுத்த கிழமை அது ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய், ஊருக்கும் போய்விடும். அங்கே இன்னும் தாய் தகப்பன் இருக்கிறார்கள். தெரிந்தவர்களின் கதையை ஜெபக் குறிப்பாக்கினால் அது ஜெபம் அல்ல, வம்பு. பெயர் சொல்லாமல் ஜெபித்தாலும் கடவுளுக்கு ஆளைத் தெரியும்.

மத்தேயு முதலாம் அதிகாரத்தில் யோசேப்பைப் பாருங்கள். மரியாள் கர்ப்பவதி என்று தெரிந்ததும், உண்மை இன்னும் விளங்காத நேரத்திலும், அவளை ஊரறிய அவமானப்படுத்த அவர் விரும்பவில்லை. அந்த வாயடக்கத்தை வேதம் நீதி என்ற பெயரோடு சேர்த்துச் சொல்கிறது.

சந்தேகம் விவேகம் அல்ல

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு பயம் எனக்கு உண்டு. இதை வாசித்துவிட்டு யாரும் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்துவிடக் கூடாது. நான் அப்படியும் இருந்து பார்த்தவன். கடன் கட்டிய அந்தக் காலத்தில் ஒருவருக்கும் ஒன்றும் கொடுக்கவில்லை. ஜெபக் கூட்டத்துக்கும் போகவில்லை. எல்லோரும் கள்ளர்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் சோம்பல்தான். ஆராய்ந்து பார்க்காமல் எல்லோரையும் நம்புகிறவனும், ஆராய்ந்து பார்க்காமல் எல்லோரையும் சந்தேகிக்கிறவனும் ஒரே வேலையைத்தான் தவிர்க்கிறார்கள்.

திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்று ஒரு அதிகாரம் இருக்கிறது. ஆராயாமல் நம்புவதும், நம்பிய பிறகு ஐயப்படுவதும், இரண்டும் தீராத துன்பம் தரும் என்று அங்கே வள்ளுவர் முடிக்கிறார். முதலில் பார், பிறகு முழுதாக நம்பு. அந்த ஒழுங்கு மாறக்கூடாது.

வேதத்திலும் பிணை நின்ற ஒருவர் இருக்கிறார். பவுல். பிலேமோனுக்கு எழுதிய சிறிய கடிதத்தில், ஓடிப்போன அடிமை ஒநேசிமு ஏதாவது பட்டிருந்தால் அதை என் கணக்கில் வை, நான் தருவேன் என்று தன் கைப்பட எழுதுகிறார். அவர் தெரிந்து எழுதினார். ஒநேசிமு கட்டுவான், எனக்கு ஒன்றும் வராது என்று நினைத்து எழுதவில்லை. நானே தருவேன் என்றுதான் எழுதினார். எனக்கு இதிலிருந்து கிடைத்த விதி இதுதான்: எவ்வளவு தொகையை நன்கொடையாகக் கொடுத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ள முடியுமோ, அவ்வளவுக்கு மட்டும் கையெழுத்து. அதற்கு மேல் என்றால் வேறு வழியில் உதவி.

எங்கள் வீட்டில் இப்போது குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. என் மனைவி எழுதியது:

மொத்தம் எவ்வளவு, எத்தனை மாதம்?
பிழைத்தால் யார் கட்டுவது, எதிலிருந்து?
இன்றைக்கே செய்ய வேண்டும் என்று ஏன் அவசரம்?
இதைப் பற்றி வீட்டில் கதைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னார்களா?
இதில் லாபம் இல்லாத ஒருவரிடம் காட்டினோமா?

ஜெபித்துவிட்டு இந்தக் கேள்விகளைக் கேட்போம். கேட்டுவிட்டு மறுபடி ஜெபிப்போம். லூக்கா 14 இல் கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று இயேசு சொல்கிறாரே, அந்த உட்காருகிற நேரம்தான் இது.

புதன்கிழமை

தம்பி வீட்டுக்கு நானும் மனைவியும் போனோம். கடதாசியை மேசையில் விரித்து, 4 பேரும் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக வாசித்தோம். 72 மாதக் கடன். காப்புறுதியும் சேர்த்தால் மாதம் அவருடைய சம்பளத்தில் ஏறக்குறைய பாதி. தம்பியின் மனைவி கணக்கைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னா, "இது எங்களாலை ஏலாது." தம்பி ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கடதாசியை மடித்து வைத்தார்.

நான் கையெழுத்து வைக்கவில்லை. 600 டொலர் கொண்டு போயிருந்தோம், திருப்பித் தர வேண்டாம் என்று கொடுத்தோம். சபையில் இன்னும் 3 குடும்பம் சேர்ந்தது. பழைய கார் ஒன்று பார்த்திருக்கிறோம். திருத்த வேலை தெரிந்த ஒரு அண்ணையை, ஒரு சத சம்பந்தமும் இல்லாதவரை, கூட்டிப்போய் அடியில் படுத்துப் பார்க்கச் செய்தோம். கார் சரிவரும்வரை ஒரு மாதத்துக்குத் தம்பியை வேலைக்கு ஏற்றி இறக்குவது என்று கிழமை நாட்களைப் பிரித்துக்கொண்டோம். செவ்வாயும் வியாழனும் என்னுடையவை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். வான் வாங்கிய அந்தச் சகோதரம் போன வருடம் எனக்குப் போன் எடுத்தார். 6 வருடத்துக்குப் பிறகு. குரலைக் கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவர் அழுதார். மாதம் 100 டொலர்ப்படி அனுப்புகிறேன் என்றார், அனுப்பிக்கொண்டும் இருக்கிறார். அன்றைக்கு அவர் சொன்ன ஒரு சொல் எனக்கு மறக்காது.

"அண்ணை, உங்களிலை நான் பிழை சொல்லேல்லை. ஆனா அண்டைக்கு நீங்கள் எப்பிடிக் கட்டப்போறாய் எண்டு ஒரு கேள்வி கேட்டிருந்தால், நான் அந்த வானை வாங்கியிருக்க மாட்டன். எனக்கு நானே கேக்கப் பயமாய் இருந்தது."

நான் கேட்காமல் விட்டதை அவர் மேல் வைத்த அன்பு என்று நினைத்திருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது அந்தக் கேள்விதான்.

ஆகவே, உறவுகளே, ஞாயிற்றுக்கிழமை தேநீர் நேரத்தில் யாராவது உங்களிடம் கடதாசி நீட்டினால், "புதன்கிழமை சொல்லுறன்" என்று சொல்லப் பயப்படாதீர்கள். சொன்னபடி புதன்கிழமை போங்கள். வீட்டில் இருக்கிறவவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.